பழைய பத்திரிகைகளில் ‘மதம்’ என்னுஞ் சொல்

சிவஞானசித்தியார்ப் பரபக்கத்தை முதன்முதற் கையிலெடுக்கும் மாணாக்கன் அதன் தலைப்புக்களைக் கண்டவளவிலே ஒரு மயக்கம் எய்துதல் இக்காலத்துப் பெருவழக்காயிற்று. ‘உலகாயதன் மதம்’, ‘உலகாயதன் மத மறுதலை’ எனத் தொடங்கி அத்தலைப்புக்கள் பதினான்கு திறத்தாரைக் குறித்துச் செல்லும். ‘மதம்’ என்னுஞ் சொல்லை அம்மாணாக்கன் செய்தித்தாள் வாயிலாகவே அறிந்தவன். செய்தித்தாளிலே மதமென்பது ஒரு கூட்டத்தாரின் பெயர், பிறப்பினால் வருவது, குடிக்கணக்கிலே பதியப்படுவது, கலகம் நேர்ந்தவிடத்துப் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது. ஆதலின் அருணந்தி சிவாசாரியர் பதினான்கு கூட்டத்தாரை ஒருங்கே பகைத்து நூல் செய்தனர் என அவன் கருதிவிடுகின்றான். அங்ஙனங் கருதிப் பரபக்கத்தை மூடிவைத்துச் சுபக்கம் ஒன்றனையே ஓதி அமைவார் பலர். இப்பிழை நூலின்கண் உள்ளதன்று. மாணாக்கனை நோவதற்கும் இடமில்லை. ஏறத்தாழ நூறாண்டுக் காலம் பத்திரிகைகள் அச்சொல்லை வழங்கிய முறைமையே இதற்குக் காரணம். அவ்வழக்கு எவ்வாறு தோன்றி எவ்வாறு பரவிற்று என்பது சைவ நூற்பயிற்சியுடையார் அறிந்துகொள்ளற்பாலதாம்.

முதற்கண் சொல்லின் பிறப்பு நோக்கற்பாலது. தமிழில் ‘மதம்’ என ஒரே வடிவாக எழுதப்படுவன இருவேறு வடசொற்கள். ஒன்று, நினைத்தற் பொருளையுடைய பகுதியினின்று பிறந்து ‘கருதப்பட்டது’, ‘கொள்கை’ எனப் பொருள்தருவது. மற்றொன்று, களித்தற் பொருளையுடைய பகுதியினின்று பிறந்து யானையின் கடாம், செருக்கு, வெறி என்னும் பொருள்களைத் தருவது. வடமொழியில் இவற்றின் தகரவொலி வேறுபடும். தமிழ் நெடுங்கணக்கிலே தகரத்திற்கு எழுத்து ஒன்றேயாதலின் இரண்டும் ஒருவடிவாயின. சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன் இவற்றை வெவ்வேறு சொற்களாகவே பகுத்துக் காட்டும். அற்றாயினும், ‘மதம் பிடித்தவர்’ என்னும் சிலேடை மேடைகளிலும் பத்திரிகைகளிலும் சலியாது வழங்கிவந்தது. கேட்போர் நகைத்தற்கு அது பயன்படும். சொல்லாராய்ச்சிக்கு ஒருசிறிதும் பயன்படாது.

கொள்கை என்னும் பொருளில் மதமென்னுஞ் சொல் தமிழிலக்கணத்தார்க்குப் புதியதன்று. நன்னூலார் நூலுக்குரிய எழுவகை மதங்களைக் கூறினர். பிறர் கூற்றை உடன்படுதல், மறுத்தல், உடன்பட்டுப் பின் மறுத்தல், தான் ஒன்றனை நாட்டி நிறுத்தல் என்றாற்போல வருவன அவை. அங்கு மதமென்றது ஓராசிரியன் ஒரு பொருளைப்பற்றிக் கொள்ளும் நிலையையே. அச்சூத்திரத்தைப் பாடங் கேட்ட மாணாக்கர் எவர்க்கும் அவ்விடத்துக் கோயிலோ குருக்களோ திருவிழாவோ நினைவில் வந்ததில்லை.

இனிச் சமயமென்னுஞ் சொல் வேறுவகைத்து. ஒன்றுகூடுதல், உடன்பட்டு அமைத்த கட்டுப்பாடு, குறித்த வேளை என்பன அதன் பழம்பொருள்கள். ‘நல்ல சமயத்தில் வந்தாய்’ என்புழி வருஞ் சமயமும் ‘சைவ சமயம்’ என்புழி வருஞ் சமயமும் ஒரே சொல்லின் இருவேறு பயன்களாம். சிவாகமங்களிலே சமய தீக்கை, விசேட தீக்கை, நிருவாண தீக்கை என முறைவைத்து ஓதப்படுதலும், சமயி, புத்திரகன், சாதகன், ஆசாரியன் என அதிகாரிகள் நால்வர் கூறப்படுதலும் யாவரும் அறிவர். ஆண்டுச் சமயியாவான் ஓர் ஒழுகலாற்றினுள்ளே புகுத்தப்பட்டு, அதற்குரிய கட்டுப்பாட்டை மேற்கொண்டவன். அவன் தருக்கத்திலே வல்லனோ அல்லனோ என்பது அவ்விடத்து வினாவன்று. திருஞானசம்பந்தர் முதலிய நால்வரையும் சமயாசாரியர், சமயகுரவர் என்று வழங்குதலும் இப்பற்றியே. அவர்களை ‘மதாசாரியர்’ என எழுதும் வழக்கம் சைவருள் வேரூன்றவில்லை. சங்கரர், இராமானுசர், மத்துவர் என்னும் பாடியகாரர் மூவரை மதாசாரியரெனக் கூறுதல் பெருவழக்கு. அம்மூவரும் ஒரே சூத்திர நூலுக்கு மூவேறு கருத்துரைத்தவராதலின் அது பொருந்தும்.

இவ்வேற்றுமை பரபக்கத்தின் அமைப்பிலேயே காணக்கிடக்கின்றது. அதன்கண் மறுக்கப்படுவோர் பதினால்வருள் சௌத்திராந்திகன், யோகசாரன், மாத்தியமிகன், வைபாடிகன் என்னும் நால்வரும் புத்தரைச் சரண்புக்கவரே. சமயம் ஒன்று, மதம் நான்கு. புறப்பொருள் உண்டு என்பானும், அறிவே உண்டு என்பானும், யாவுஞ் சூனியம் என்பானும் ஒரே துவராடை உடுத்து ஒரே பள்ளியிலே உறைதல் கூடும். அவ்வாறே பட்டாசாரியனும் பிரபாகரனும் வேத வேள்வியை ஒப்பப் போற்றுவோர். கொள்கை வகையால் இருவேறு மதத்தினர். மதமென்பது கூட்டத்தின் பெயராயிருப்பின் ஆசிரியர் பௌத்தரை நான்காகப் பிரித்தற்குக் காரணமே இல்லை. உலகாயதனுக்கோ கோயிலுமில்லை, குருவுமில்லை, தீக்கையுமில்லை. அவனுக்கும் ஒரு மதங் கூறப்பட்டது. கொள்கையில்லாத வாதி ஒருவனும் இலனாதலின்.

இவ்வரையறை எல்லா நூலினும் இம்மியும் பிறழாது நின்றதென்று சாதிப்பது நேர்மையன்று. மணிமேகலையில் வாதியர் பதின்மரைக் கூறுங் காதை ‘சமயக் கணக்கர் தந்திறங் கேட்ட காதை’ எனப்படும். அவர் கூறுவன பெரும்பாலும் மதங்களே. நீலகேசியின் உரை ‘சமயதிவாகரம்’ எனப் பெயர்பெறும். அந்நூலோ வாதத்தினாலேயே நிறைந்தது. சங்கரரை ஆறு மதங்களை நிலைநாட்டியவரெனப் போற்றும் மரபில் அம்மதங்கள் வழிபாட்டு நெறிகளையே குறிக்கும். ஆகவே இரண்டு சொற்களும் ஒன்றன் எல்லையுள் ஒன்று புகுந்து வழங்குதல் பண்டும் உண்டு. ஆயினும் சித்தாந்த சாத்திர உரைகாரர் கையிலே வேற்றுமை பெரும்பாலும் காக்கப்பட்டது. கொள்கையை எடுத்துக் கூறி மறுக்குமிடத்து மதம் என்றும், அகச்சமயம், அகப்புறச்சமயம், புறச்சமயம், புறப்புறச்சமயம் என வகுத்து நிறுத்துமிடத்துச் சமயம் என்றும் வழங்கினர்.

இனிப் பத்திரிகைகளின்பாற் செல்லலாம். தமிழிலே முதற்பத்திரிகைகளை நடத்தினோர் கிறித்தவர். 1831-இல் சென்னையிலே ‘தமிழ் மாகசீன்’ தோன்றிற்று. 1841-இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசனார் ‘உதயதாரகை’யைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடத் தொடங்கினர். 1855-இல் பார்சிவல் பாதிரியார் சென்னையிலே ‘தினவர்த்தமானி’யைத் தொடங்கினர். இவர்கள் தம் நெறியைக் குறித்தற்குப் பெரிதும் மேற்கொண்ட சொல் மதமுமன்று, சமயமுமன்று, ‘வேதம்’ என்பதேயாம். இவ்வழக்கு அவர்க்கும் முந்தியது. வீரமாமுனிவர் உபதேசியாரை வேதியரென வழங்கி அவர்க்கென ‘வேதியர் ஒழுக்கம்’ இயற்றினர். ‘வேத விளக்கம்’ என்பது அவர் செய்த வாத நூல். சத்திய வேதம், வேதாகமம், வேதசாட்சி, வேதத்திலே சேர்தல் என்னும் தொடர்கள் அவ்வழி வந்தன. திருநெல்வேலிச் சீமையிலே கிறித்தவாலயத்தை வேதக்கோயில் என்றும் அந்நெறியினரை வேதக்காரர் என்றும் கூறுதல் பொதுமக்கள் நாவிலும் படிந்துவிட்டது. வேதாகமம் என்னுஞ் சொல் சைவர்க்கு வேதமும் ஆகமமும் என உம்மைத்தொகையாக இரண்டு முதனூல்களைக் குறிப்பது. அது அங்கு ஒரு நூலின் பெயராயிற்று. ஒரு தெருவிலே சிவாலயத்து ஓதுவாரும் மற்றொரு தெருவிலே உபதேசியாரும் ஒரே சொல்லால் வெவ்வேறு நூல்களைக் குறித்து வந்தனர்.

சைவர்க்கு இதனால் நேர்ந்த இடர்ப்பாடு சிறிதன்று. மறுப்பெழுதப் புகுந்த சைவப் புலவன் எதிரியின் நெறியை எச்சொல்லாற் கூறுவது? வேதமென்று கூறின் வாதந் தொடங்குமுன்னரே அதனை வேதமென உடன்பட்டதாகும். அவ்விடத்தே பழைய நூல்வழக்காகிய மதமென்னுஞ் சொல் கைகொடுத்தது. யாழ்ப்பாணத்து முத்துக்குமார கவிராயர் செய்த நூல் ‘யேசுமத பரிகாரம்’ எனப் பெயர்பெற்றது. ஆறுமுக நாவலர் 1854-இல் வெளியிட்ட மறுப்பு நூலோ ‘சைவதூஷண பரிகாரம்’ எனப்பட்டது. எதிரியின் கொள்கை பரிகரிக்கப்படுமிடத்து மதமென்னுஞ் சொல் வந்தது. தன்னெறியின்மேல் ஏற்றப்பட்ட பழி பரிகரிக்கப்படுமிடத்துச் ‘சைவம்’ என்னும் பெயரே நின்றது. இரண்டு தலைப்புக்களை வைத்துக்கொண்டு பெருவிதி வகுத்தல் ஆகாதெனினும், பரபக்கத்தை ஓதிய நாவிற்கு இம்முறை இயல்பாக வந்ததென்றல் மிகையாகாது. நாவலர் பார்சிவல் பாதிரியாருடனிருந்து விவிலிய மொழிபெயர்ப்பிலே பணிசெய்தவர். ஒரு சொல்லை எங்கே இடலாம், எங்கே இடலாகாது என்பதனை அவரினும் நன்கறிந்தார் அக்காலத்து ஒருசிலரே.

யாழ்ப்பாணத்தார் எழுத்திலே ‘சைவசமயி’ என்னுஞ் சொல் தீக்கை பெற்றவனை மாத்திரமன்றிச் சிவனை வழிபடும் எவரையும் குறிப்பதாக விரிந்தது. ஆகம நோக்கில் இஃது ஒரு தளர்ச்சியே. ஆயினும் சமயமென்பது ஒழுகலாறு என்னும் உணர்ச்சி அதிலே மறையவில்லை. யாழ்ப்பாணத்துச் சைவபரிபாலன சபையார் 1889-இல் தொடங்கிய பத்திரிகையின் பெயர் ‘இந்து சாதனம்’. ஒரு கூட்டத்தின் கருத்தை வெளியிடுங் கருவி என்னும் ஆங்கில வழக்கிற்கு ஒப்பச் சாதனமென்னுஞ் சொல் ஆளப்பட்டது போலும். சிவஞானபோதத்தின் மூன்றாம் இயலைச் சாதனவியல் என ஓதியவர்க்கு அப்பெயர் இருபொருளும் தந்து இன்புறுத்தியிருத்தல் வேண்டும்.

இதுகாறும் மதமென்பது வாத நூலின் சொல்லாகவே நின்றது. அது நாட்செய்தியின் சொல்லாக மாறியதற்கு அரசியலே பெருங்காரணம். 1858-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து விக்டோரியா பேரரசியாரின் அறிக்கை, குடிகளின் சமய விஷயங்களிலே அரசாங்கத்தார் தலையிடுதல் ஆகாதென உறுதி கூறிற்று. 1871-72-இல் இந்திய முழுமைக்கும் குடிக்கணக்கு எடுக்கத் தொடங்கிய காலத்து ஒவ்வொருவனும் எந்நெறியினன் என எழுதப்பட்டான். 1891-இல் பெண்களின் சம்மத வயதுபற்றிய சட்டம் வந்தபோது, அது சமயத்திலே தலையிடுவதா அன்றா என்னும் வாதம் நாடெங்கும் எழுந்தது. இவற்றிற்கெல்லாம் ஆங்கிலத்தில் ஒரே சொல் இருந்தது. அதனைத் தமிழிலே எழுதவேண்டியவர் மடத்திலே சித்தியார் கேட்டவரல்லர்; பத்திரிகை நிலையத்தில் இரவோடிரவாகத் தந்திச் செய்திகளைப் பெயர்ப்பவர். 1882-இல் வாரத்தாளாகத் தோன்றி 1899-இல் நாட்டாளாகிய ‘சுதேசமித்திரன்’ முதலாயினவற்றில் அப்பெயர்ப்புத் தொழில் நாடோறும் நடைபெற்றது. ஒரு சட்டத்திற்கும் ஒரு கலகத்திற்கும் ஒரு மாநாட்டிற்கும் ஒருங்கே பொருந்துஞ் சொல்லொன்று அவர்க்கு வேண்டியிருந்தது. அவ்விடத்தை மதமென்பது பற்றிக்கொண்டது.

சமயமென்பது ஏன் அவ்விடத்தைப் பெறவில்லை? செய்தி நடையிலே ‘இந்தச் சமயத்தில்’, ‘அச்சமயம் பார்த்து’, ‘சமயோசிதமாக’ என அச்சொல் காலப்பொருளிலே பத்திதோறும் வேண்டப்பட்டது காரணமாகலாம். ‘கவர்னர் அச்சமயம்’ எனத் தொடங்குந் தொடரிலே ‘சமய விஷயம்’ என்பதும் வந்தால் படிப்போன் தடுமாறுவான். மதமென்பது ஈரெழுத்தும் ஒற்றுமாய்ச் சுருங்கியது. வடமொழித் தொகையிலே எளிதிற் கூடுவது; மதஸ்தர், மதாபிமானி, மதத்துவேஷம், மதப்பிரசாரம், மதபோதகர், மதாசாரம் எனப் புதுத்தொகைகள் வேண்டியவாறு பிறந்தன. அக்காலத்துச் செய்தித்தமிழ் வடசொற் புணர்ப்பை விரும்பியதாதலின் இத்தொகைகள் எளிதிற் பரவின.

இத்தொகைகளை நிரல்படவைத்து நோக்கின் ஓருண்மை புலப்படும். மதஸ்தர் என்பார் ஒரு கொள்கையை ஆராய்ந்து மேற்கொண்டவரல்லர். ஒரு கூட்டத்திலே இருப்பவர். மதத்துவேஷமாவது ஒரு கொள்கையை மறுத்தலன்று, அக்கூட்டத்தாரை வெறுத்தல். பரபக்கத்திலே ‘மதம்’ என்பதற்கு இயல்பாக இணைந்துவருஞ் சொல் ‘மறுதலை’. செய்தித்தாளிலே அதற்கு இணைந்துவந்தவை ‘துவேஷம்’, ‘கலகம்’, ‘மாற்றம்’ என்பன. மறுதலை கூறப்படுங் கொள்கையை முன்னர் எதிரியின் வாயினாலேயே முறைப்படக் கூறுவித்தல் சித்தியாரின் நெறி. உலகாயதன் தன் கொள்கையைத் தானே எடுத்து மொழிவதாக ஆசிரியர் பாடுகின்றார். அவன் கூற்றிலே வேண்டுமென்று ஒரு குறையும் வைத்தாரல்லர். துவேஷத்திற்கு அத்துணைப் பொறுமை வேண்டுவதில்லை. ‘மதத்துவேஷம்’ என்னுந் தொடரைப் பன்முறை படித்தவன் ‘மத மறுதலை’ என்பதனையும் அதுவென்றே கொள்ளுதல் வியப்பன்று.

சட்டவழக்கும் இதனை வலியுறுத்திற்று. 1920-களில் கோயில்களையும் மடங்களையும் அவற்றின் சொத்துக்களையும் மேற்பார்க்கச் சென்னை மாகாணத்திலே சட்டம் இயற்றப்பட்டபோது பத்திரிகைகள் அதனை ‘இந்துமத பரிபாலன’ மசோதா என எழுதின. கோயிற் சொத்து, குளம், நந்தவனம், கட்டளை, அர்ச்சகர் ஊதியம் ஆகிய யாவும் அங்கே மதமென்னும் ஒரு சொல்லினுள் அடங்கின. மதமென்னுஞ் சொல் தன் பழம்பொருளினின்று விலகிய தூரம் இதனினும் மிகுதல் அரிது.

இக்காலமெல்லாம் வேறு சொற்களைக்கொண்டு நடந்தாரும் இருந்தனர். வடலூர் இராமலிங்க வள்ளலார் 1865-இல் நிறுவிய சங்கம் ‘சமரச வேத சன்மார்க்க சங்கம்’ எனப் பெயர்பெற்றிருந்தது. 1872-இல் அவரே அதனைச் ‘சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம்’ என மாற்றினர். வேதமென்னுஞ் சொல் நீங்கிச் சுத்தமென்பது புகுந்தது. அவர் சமய சன்மார்க்கம், மத சன்மார்க்கம், சுத்த சன்மார்க்கம் என மூன்றாகப் பகுத்து உபதேசித்தலின், சமயத்தையும் மதத்தையும் வேறுவேறாகவே கொண்டனர் என்பது தெளிவு. அவர் பகுத்த முறை சித்தாந்த உரைகாரர் முறையினின்று வேறாயினும் இரண்டும் ஒன்றென அவர் கருதிற்றிலர். பிற்காலத்துப் பத்திரிகைகள் அவரைக் குறித்தெழுதுமிடத்து ‘மதங்களைக் கடந்தவர்’ என்ற ஒரு தொடரால் அப்பகுப்பை முழுதும் மறைத்துவிட்டன.

அயோத்திதாச பண்டிதர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வாரத்தாளைத் தொடங்கினர். பௌத்தராகிய அவர் தன்மம் என்பதனைப் பெரிதும் வழங்கினர். புத்தர் வரலாற்றையும் உபதேசத்தையும் கூறுந் தம் நூலுக்குப் ‘புத்தரது ஆதிவேதம்’ எனப் பெயரிட்டனர். வேதமென்னுஞ் சொல்லுக்கு உரிமை கொண்டாடியவர் இவ்வாறு மூன்று திறத்தார் ஆயினர். முகம்மதியர் எழுத்துக்களிலே மார்க்கமென்பது நிலைபெற்றது. சைவர்க்கு அச்சொல்லும் அயலன்று. தாதமார்க்கம், சற்புத்திரமார்க்கம், சகமார்க்கம், சன்மார்க்கம் எனத் திருமந்திரத்தின் ஐந்தாந் தந்திரம் ஓதுதலை அறிவார் அறிவர்.

சைவத் திங்களிதழ்களின் நிலை யாதெனின், அது முற்றும் ஒருபடித்தன்று. நல்லசாமிப் பிள்ளையவர்கள் 1897-இல் தொடங்கிய ‘சித்தாந்த தீபிகை’ தத்துவ ஆராய்ச்சியை மேற்கொண்டதாதலின், கொள்கை, சாத்திரம், சித்தாந்தம் என்னுஞ் சொற்களே அதன் நெறிக்கு இயைந்தன. 1905-இல் ஞானியாரடிகள் முயற்சியால் தோன்றிய சைவசித்தாந்த மகாசமாசத்தினர் 1928 முதல் ‘சித்தாந்தம்’ என்னும் இதழை நடத்தினர். இத்தகைய இதழ்களிலே சைவத்தைக் குறிக்குமிடத்துச் சமயம் என்றே எழுதுதல் பெருவழக்கு. பிறநெறிகளைக் குறிக்கப் புகின் மதம் என்றெழுதுதலும் உண்டு. நாட்டாள் நடையிலே பழகிய அன்பர் எழுதிய கட்டுரையாயின், சைவசமயம் எனத் தொடங்கி மூன்றாம் பத்தியிலே சைவமதம் என்றாகி, ஈற்றிலே இந்துமதம் என முடிதலும் உண்டு. ஒரு கட்டுரையினுள்ளேயே அச்சொல் மூன்று படி இறங்கிவிடும். அவ்வன்பர் அதனை உணர்ந்தே செய்தாரல்லர்.

மறைமலையடிகள் செய்தி சிறப்பாகக் கருதத்தக்கது. 1902-இல் ‘ஞானசாகரம்’ தொடங்கிப் பின்னர் அதனை ‘அறிவுக்கடல்’ எனவும், தம் ‘சமரச சன்மார்க்க சங்கத்தை’ப் ‘பொதுநிலைக் கழகம்’ எனவும் பெயர்மாற்றியவர் அவர். வடசொற்களை இத்துணை உறுதியோடு களைந்த அவரே 1941-இல் வெளியிட்ட நூலுக்குத் ‘தமிழர் மதம்’ எனப் பெயரிட்டனர். ‘பழந்தமிழ்க் கொள்கையே சைவ சமயம்’ என்பதும் அவர் நூற்பெயரே. பின்னதிலே கொள்கையும் சமயமும் ஒருங்கே நிற்கின்றன. முன்னதிலே மதமென்பது தனித்து நிற்கின்றது. பழைய நூல்வழக்கு நோக்கின் ‘தமிழர் மதம்’ என்பது தமிழர் ஆராய்ந்து கொண்ட கோட்பாடு என நேரிய பொருள்தரும். நாட்டாள் வழக்கு நோக்கின் தமிழராகிய கூட்டத்தாரின் நெறி எனப் பொருள்தரும். அடிகள் எப்பொருளிற் கொண்டனரென்பதை அந்நூலை முழுதும் ஓதியே துணிதல் வேண்டும். தலைப்பை மாத்திரம் நோக்கி ‘அடிகளும் மதமென்றே எழுதினர், ஆதலின் இரண்டும் ஒன்றே’ எனல் போதாது.

1925-இல் ‘குடிஅரசு’ தோன்றியபின் நிகழ்ந்த வாதங்களில் இச்சொற்குழப்பம் பெரிதும் இடர்செய்தது. தாக்கியோர் மதமென்றது சாதிவேற்றுமை, குருமார் ஆட்சி, கோயிலுள் நுழைவு மறுத்தல் முதலிய கூட்டத்தின் நடவடிக்கைகளை. விடையிறுத்த சைவருட் பலர் மதமென்பதைப் பதியுண்மை, வினைக்கொள்கை முதலிய கோட்பாடுகளாகக் கொண்டு நூன்மேற்கோள் காட்டினர். ஒருவர் ஊர் நடப்பைச் சுட்ட மற்றவர் சாத்திரத்தைச் சுட்டினர். இருதிறத்தாரும் ஒரே சொல்லை வழங்கினராதலின் தாம் ஒரே பொருளைப்பற்றியே வாதிப்பதாக எண்ணினர். சாதிபற்றிய வினாவுக்கு வினைக்கொள்கை விடையாகாது. சைவர் அவ்வினாவைத் தம் சமயவொழுக்கம்பற்றிய வினாவாக ஏற்று நேரே விடைகூறியிருத்தல் வேண்டும். நாயன்மார் வரலாற்றிலே அதற்கு வேண்டிய விடை குறைவின்றி உள்ளது.

1950-க்குப் பின் அரசினர் எழுத்திலே சமயமென்பது மீண்டது. அரசமைப்பின் தமிழாக்கத்திலே சமயச் சுதந்திரம் என்றும், முகப்புரையிலே சமயச்சார்பின்மை என்றும் காணப்படும். முன்னர் இந்துமத பரிபாலனம் எனப்பட்டது பின்னர் இந்து சமய அறநிலையத் துறை எனப் பெயர்கொண்டது. இலங்கைப் பள்ளிகளிலே பாடத்தின் பெயர் சைவநெறி என்று அமைந்தது. செய்தித்தாள்களோ பழைய சொல்லை விட்டனவல்ல. அரசமைப்பிலே சமயச்சார்பின்மை எனப்படுவதே நாளிதழிலே மதச்சார்பின்மை எனப்படும். சமயச் சொற்பொழிவு, சமய வகுப்பு, சமயக் கல்வி என்புழிச் சமயமும், மதக்கலவரம், மதமாற்றம், மதவெறி என்புழி மதமும் வருதலை இக்காலத்தும் எவருங் காணலாம். சமயக்கலவரம் என்றோ, மதச்சொற்பொழிவு என்றோ எழுதினால் படிப்போர் செவிக்கு ஒவ்வாது. அமைதியான இடங்கள் சமயத்திற்கும் பூசலான இடங்கள் மதத்திற்கும் பங்கிடப்பட்டுவிட்டன. கொள்கையென்னும் நல்ல பொருளையுடைய சொல்லொன்று பூசலுக்குரிய அடைமொழியாக எஞ்சியது அச்சொல் செய்த தவற்றினால் அன்று.

இவற்றையெல்லாம் மனத்துக்கொண்டு சித்தாந்த சாத்திரத்திற்கு மீள்வார்க்குச் சங்கற்ப நிராகரணம் வேறொரு தோற்றந் தரும். சக ஆண்டு 1235, அஃதாவது கி.பி. 1313-இல் உமாபதி சிவாசாரியர் அருளிய அந்நூலிலே மாயாவாதி முதலாகச் சைவவாதி ஈறாக ஒன்பதின்மர் வருகின்றனர். ஒருவன் கூற்றை அடுத்தவன் மறுத்துத் தன் கூற்றை நாட்ட, ஈற்றிலே நிற்குஞ் சைவவாதியைச் சித்தாந்தி மறுக்கின்றான். ‘சைவ நூலிலே சைவவாதியும் மறுக்கப்படுவது எங்ஙனம்?’ என்னும் வினா இக்கால மாணாக்கர் பலரும் எழுப்புவது. பாடாணவாதி, பேதவாதி, சிவசமவாதி, சங்கிராந்தவாதி, ஈசுவர அவிகாரவாதி என இடையே வருவோரெல்லாம் சிவஞான முனிவர் வகுப்பின்படி அகச்சமயத்தினுள் வைத்து எண்ணப்படுவோரே. அவர் அணிவதும் திருநீறு, ஓதுவதும் திருவைந்தெழுத்து, கொள்ளும் முப்பொருளும் பதி பசு பாசம் என்பனவே. முத்தியிலே ஆன்மா நிற்கும் நிலை முதலியவற்றிற் கொள்கை வேறுபட்டமையான் அவர் கூற்று மறுக்கப்பட்டது. நூலின் பெயரிலுள்ள சங்கற்பமென்பதும் ஒருவன் மனத்தால் இஃது இவ்வாறென வரைந்துகொண்ட கோளையே குறிக்கும். நிராகரிக்கப்பட்டது அதுவே. சைவவாதியின் மதத்தை மறுத்த உமாபதி சிவாசாரியர் அவனைச் சைவசமயத்தினின்று நீக்கினாரல்லர்.